நடுக்கடலில் படகு பேட்டரி கைவிடாமலிருக்க

பெருமுக்கல் தாண்டினால் மரக்காணம் வரை உப்புக் காற்றுதான். அந்தக் காற்றில் நிற்கும் ஃபைபர் படகுகளில் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., விளக்கு எல்லாம் ஒரே 12 வோல்ட் பேட்டரியை நம்பியிருக்கின்றன.

1. கரையேறிய அன்றே சார்ஜ் போடுங்கள். இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏறாது.

2. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். அதோடு கடலுக்குப் போகாதீர்கள்.

3. டெர்மினலில் பூத்த பொடியைச் சமையல் சோடா கரைத்த நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். உப்பு ஈரம் ஒட்டாது. துடைக்கும்போது பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும்.

4. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். கிணற்று நீரிலுள்ள உப்பு தகட்டை அரிக்கும்.

5. காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள், பக்கத்தில் பீடி வேண்டவே வேண்டாம். வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கும்.

6. மூடிய பெட்டியில் வைத்து, உயரமான இடத்தில் கட்டுங்கள். கடல்நீர் ஆசிட்டில் கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

முடிந்தால் வயர்லெஸுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி வையுங்கள். பெரியது இறங்கிப்போனாலும் 16-ஆம் சேனலில் உதவி கேட்கலாம்.