மீலாது நாளில் மூடும் மதுக்கடை: ஒரு நாள் தடை சொல்லும் பாடம்

 



ஒவ்வொரு ஆண்டும் ரபீவுல் அவ்வல் மாதம் வந்தால் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு ஒன்று நாளிதழில் வரும். மீலாது நபியை முன்னிட்டு டாஸ்மாக் கடைகளும் மதுக்கூடங்களும் மூடப்படும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருக்கும். 2024-ல் செப்டம்பர் 17 அன்றும், 2025-ல் செப்டம்பர் 5 அன்றும் அப்படித்தான் மூடினார்கள்.

அதைப் படிக்கும்போது நம் மனதில் ஒரு மகிழ்ச்சி வருகிறது. மகிழ்ச்சி அடைவதில் தவறில்லை. ஆனால் சில கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு நாள் மூடலால் யாருக்கு என்ன பயன்? மார்க்கத்தின் பெயரால் எல்லோருக்குமான கடையை மூடுவது நியாயமா? ரமலானிலும் பெருநாட்களிலும் மூடும்படி நாம் கேட்கலாமா? (மீலாது கொண்டாடுவது பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த விவாதத்திற்குள் இங்கே போகவில்லை.)

எட்டு நாட்கள் யாருடைய நாட்கள்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 நாட்கள் மதுக்கடைகளுக்கு விடுமுறை. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் இராமலிங்கர் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மீலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகியவையே அவை.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். தீபாவளி இதில் இல்லை. கிறிஸ்துமஸ் இல்லை. நம்முடைய ஈதுல் ஃபித்ரும் ஈதுல் அள்ஹாவும் இல்லை. ஆக, இது மதப் பண்டிகைகளின் பட்டியல் அல்ல. நாட்டின் பொது நாட்கள் மூன்று. மீதமுள்ள ஐந்தும், குடிக்கு எதிராகப் பேசியவர்களின் நாட்கள். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே எழுதினார். மகாவீரரின் வழியில் மது விலக்கப்பட்டது. வள்ளலார் சீவகாருண்யத்தைப் போதித்தார். காந்தியடிகள் மதுவிலக்கை விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். அந்த வரிசையில்தான் நம் நபி (ஸல்) அவர்களின் பிறந்த நாளும் இருக்கிறது.

அரசு எந்த எண்ணத்தில் சேர்த்திருந்தாலும் சரி, நாம் இதை முஸ்லிம்களுக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை. மதுவை ஒழித்துக் காட்டிய ஒரு தலைவருக்கான மரியாதையாகப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் அந்த நாளில் நம் பொறுப்பு கூடுகிறது. அவர்களின் பெயரால் கடை மூடிய நாளில், அவர்களின் உம்மத்தைச் சேர்ந்த ஒருவர் பிளாக்கில் பாட்டில் தேடி அலைந்தால், அதைவிட வெட்கம் வேறென்ன இருக்கிறது?

படிப்படியாக வந்த தடை

மது ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை என்பது நீங்கள் அறிந்ததே. முதலில், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருந்தாலும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று குர்ஆன் உணர்த்தியது (2:219). அடுத்து, போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை வந்தது (4:43). இறுதியாக, மது ஷைத்தானின் அசுத்தமான செயல் என்றும், அதைக் கொண்டு அவன் உங்களுக்குள் பகையை மூட்டித் தொழுகையை விட்டும் தடுக்கிறான் என்றும் கூறி, முற்றிலும் விலகும்படி வசனம் இறங்கியது (5:90, 91).

இதில் இரண்டாவது படியைக் கவனியுங்கள். அது நேரத்தோடு சேர்ந்த தடை. ஒரு நாளில் ஐந்து வேளைத் தொழுகை. லுஹருக்கும் அஸருக்கும், அஸருக்கும் மஃரிபுக்கும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே குடித்துத் தெளிய நேரமில்லை. ஆகவே குடிப்பவருக்கு இஷாவுக்குப் பின் போன்ற சில பொழுதுகளே மிஞ்சின. உடலும் மனமும் மதுவின்றி இருக்கப் பழகின. அந்தப் பழக்கத்தின் மீதுதான் மூன்றாவது கட்டளை இறங்கியது.

அது இறங்கிய நேரத்தில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் இருந்ததைக் கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்று அவர்களே அறிவிக்கிறார்கள் (புகாரி). ஆரம்பத்திலேயே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால் மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதும் புகாரியில் உள்ளது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. நேரத்தையோ நாளையோ குறித்து வரும் தடை பயனற்றது அல்ல, அது ஒரு படி. ஆனால் அடுத்த படி இல்லாத படியில் நின்றுகொண்டே இருந்தால் யாரும் மேலே ஏற முடியாது.

நம் மாநிலம் ஏறிய படியும் இறங்கிய படியும்

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. அன்றிலிருந்து அரசே கடைக்காரர்.

2016-லும் 2017-லும் 2023-லும் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. 2023-ல் மூடியபின் 4,829 கடைகள் மிஞ்சின. ஆனால் 2023-24-ல் மதுவால் கிடைத்த வருவாய் ₹45,855 கோடி. கடை குறைந்தது, வருமானம் குறையவில்லை. பயனைவிடப் பாவம் பெரியது என்று குர்ஆன் சொன்னதை இந்த எண்ணோடு சேர்த்து யோசியுங்கள். பயன் கருவூலத்தில் கணக்காகிறது. கூலி இழந்த வீடும், அடி வாங்கிய மனைவியும், கெட்டுப்போன கல்லீரலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவும் சொல்கிறது. இது முஸ்லிம்கள் மட்டும் பேசும் விஷயம் அல்ல.

இடம் மாறினால், நாள் மாறினால்

கொடும்பாளூர் வட்டாரத்தில் வாழும் உங்களுக்குத் திருச்சி - மதுரை நெடுஞ்சாலை அன்றாடப் பாதை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 20,000 பேருக்குக் குறைவாக மக்கள் உள்ள ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. 2017 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அல்ஹம்து லில்லாஹ் என்று பலரும் சொன்னோம்.

அடுத்து நடந்தது என்ன? சாலையோரத்தில் இருந்த கடைகள் ஊருக்குள்ளும் குடியிருப்புகளுக்கு அருகிலும் இடம் தேடி வந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உட்படப் பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று.

நாள் தடையிலும் இதே கதைதான். மறுநாள் கடை இல்லை என்றால் முதல் நாள் மாலை வரிசை நீள்கிறது. ஒன்று வாங்குபவர் இரண்டு வாங்குகிறார். வாங்கி வைத்தவர் கூடுதல் விலைக்கு விற்கிறார். கடையை நகர்த்தினால் குடி நகர்கிறது, ஒழிவதில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிய சில நாட்களில், நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூவர் இறந்து போனார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அங்கே கடைகள் திறந்திருந்தபோதே அது நடந்தது. கடையைத் திறந்து வைத்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பதும் பொய், கடையை மூடிவிட்டால் மட்டும் போதும் என்பதும் பொய். குடிக்கு அடிமையானவருக்கு மூடிய கதவோடு திறந்த மருத்துவமனையும் வேண்டும்.

மற்றவர்களின் உரிமை

"உங்கள் மார்க்கம் உங்களுக்கு. நான் ஏன் குடிக்கக் கூடாது?" என்று மாற்று மதச் சகோதரர் கேட்டால் என்ன சொல்வது? மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை (2:256). இஸ்லாமிய ஆட்சியில் கூட, மது அருந்தியதற்கான ஹத்து தண்டனை மாற்று மதத்தவருக்கு இல்லை என்றே பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே, "எங்களுக்கு ஹராம், அதனால் நீங்களும் குடிக்காதீர்கள்" என்பது நம் வாதமாக இருக்க முடியாது.

அயர்லாந்தில் 1927-லிருந்து புனித வெள்ளியன்று மது விற்பனைக்குத் தடை இருந்தது. 2018-ல் அதை நீக்கிவிட்டார்கள். ஒரு சமயத்தாரின் உணர்வை மட்டும் நம்பி நிற்கும் சட்டம், அந்த உணர்வு தளரும்போது விழுந்துவிடும். அண்டை நாடான இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமிப் போயா நாளிலும் மது விற்பனை இல்லை. அங்கே வாழும் தமிழரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். பெரும்பான்மையின் பண்டிகைக்கு அது நடக்கும்போது சிறுபான்மைக்கு எப்படி இருக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

எனவே ரமலான் முப்பது நாளும் மூடுங்கள் என்று நாம் கேட்கத் தேவையில்லை. நோன்பு நம்முடையது, அதைக் காப்பதும் நம் பொறுப்பு. நாம் கேட்க வேண்டியது எல்லோருக்கும் பொதுவானது. பள்ளிக்கூடத்தின் அருகே கடை வேண்டாம். கோவிலோ, மாதா கோவிலோ, பள்ளிவாசலோ, எந்த வழிபாட்டுத் தலத்தின் அருகிலும் வேண்டாம். விற்பனை நேரம் குறையட்டும், கடைகள் குறையட்டும், சிகிச்சை பெருகட்டும். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கட்டளை (5:2) இதற்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் மதுக்கடை மூடும் நாட்கள். அந்த நான்கு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. கொடும்பாளூர் போன்ற ஊராட்சிகளில் ஊரே தெளிவாக இருக்கும் அந்த நாளில், எல்லாச் சமூகத்தாரோடும் சேர்ந்து தீர்மானம் கொண்டு வாருங்கள். மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கல்விக்கூடமோ வழிபாட்டுத் தலமோ இருந்தால் கடை வைக்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. மீறல் இருந்தால் அளந்து எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். தீமையைக் கையால், முடியாவிட்டால் நாவால் தடுக்கச் சொன்ன ஹதீஸை (முஸ்லிம்) இன்று சட்டத்தின் வழியில் நிறைவேற்றும் முறை இது. சகோதரிகளும் கலந்துகொள்ளுங்கள். இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் நீங்கள்தான்.

2. வருமானத்தைச் சுத்தப்படுத்துங்கள். குடிப்பவரை மட்டுமல்லாமல் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் (திர்மிதி). கடைக்கோ பாருக்கோ கட்டிடம் வாடகைக்கு விட்டுவிட்டு, மீலாது மேடைக்கு நன்கொடை கொடுப்பதில் என்ன பரக்கத் இருக்கும்?

3. குடிப்பவரை வெறுக்காதீர்கள். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள் (புகாரி). நம் ஜமாஅத்திலும் இளைஞர்கள் குடிக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. அவர்களைத் தெருவில் ஏசுவது ஷைத்தானுக்கு உதவுவதாகிவிடும். தோளில் கைபோட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தவ்பாவும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் குறித்து வையுங்கள்.

4. கடை மூடும் நாளைப் பயன்படுத்துங்கள். குடிக்கும் உறவினர் வீட்டில் இருந்தால் அந்த நாளில் அவரைத் தனியே விடாதீர்கள். சேர்ந்து சாப்பிடுங்கள், பிள்ளைகளோடு உட்கார வையுங்கள், பள்ளிக்கு அழைத்து வாருங்கள். ஒரு நாள் முடிந்தது என்றால், இன்னொரு நாளும் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வரட்டும்.

அருமைச் சகோதரர்களே! அரசு 8 நாள் மூடுகிறது. மீதி 357 நாளும் கடை திறந்தே இருக்கும். அந்த நாட்களில் நம் பிள்ளை அந்த வாசலைக் கடந்து போக வேண்டும் என்றால், அவன் உள்ளத்தில் அல்லாஹ்வின் பயமும் வீட்டில் தந்தையின் முன்மாதிரியும் இருக்க வேண்டும். மதீனாவில் மதுவைத் தெருவில் கொட்ட வைத்தது காவலர்களின் சோதனை அல்ல, உள்ளத்தில் ஊன்றியிருந்த ஈமான்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் எல்லாப் போதைகளை விட்டும் பாதுகாப்பானாக! அதில் சிக்கியவர்களுக்கு ஷிஃபாவையும் தவ்பாவையும் நஸீபாக்குவானாக! நம் ஊரையும் நாட்டையும் இந்தத் தீமையிலிருந்து மீட்க, எல்லா மக்களோடும் கைகோர்த்து உழைக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.