மதியத்துக்குப் பின் மாறும் மாணவன்

காலை முதல் பாடவேளையில் இரண்டு இலக்கப் பெருக்கல் கணக்குகள் ஆறையும் தவறில்லாமல் செய்து காட்டுவான். மதிய உணவுக்குப் பின் அவனே தேதியைக்கூட எழுதாமல் சன்னலுக்கும் கதவுக்கும் ஓடுவான். பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பறிப்பான், கேட்டால் அழுவான். ஏரலில் நான்காம் வகுப்பு எடுத்தபோது எனக்கு இப்படி ஒரு மாணவன் இருந்தான். அவனுக்குக் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இருப்பதைக் கண்டறிந்து, தூத்துக்குடியில் மருத்துவர் ஒருவர் மாத்திரை கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தவறு செய்தேன்.

ஒரு நாள் பொறுமை இழந்து, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "ஏல, இன்னைக்கு மாத்திரை போடலியா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளே மற்ற பிள்ளைகள் அவனுக்கு 'மாத்திரை' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவர். "துவைக்கச் சட்டையை எடுத்தா, பையில அஞ்சு மாத்திரை கெடக்கு டீச்சர். முழுங்காம ஒளிச்சு வச்சிருக்கான். கேட்டா, கிளாஸ்ல கேலி பண்ணுதாங்கன்னு அழுதான்" என்றார்.

நான் கத்திய அன்று அவன் மாத்திரை போட்டுத்தான் வந்திருந்தான் என்பதையும் அவரிடமிருந்தே தெரிந்துகொண்டேன். அப்படியானால் பிற்பகலில் நடந்தது என்ன?

மருந்தின் நேரக் கணக்கு

ஏ.டி.எச்.டி.க்குப் பெரிதும் பயன்படும் மருந்து மெத்தில்பெனிடேட். மூளையில் கவனத்துக்குத் துணைசெய்யும் டோபமைன், நார்எபிநெப்ரின் ஆகிய வேதிப்பொருள்கள் நரம்புச் செல்களுக்கு இடையே கூடுதல் நேரம் தங்குவதற்கு இது உதவுகிறது. இதன் சாதாரண மாத்திரை ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரமே வேலை செய்யும். காலை 8 மணிக்குப் போட்டால் நண்பகலில் பலன் குறைந்துவிடும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரை வேலை செய்யும். அந்த மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது.

பலன் வடியும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சலும் அழுகையும் சிறிது நேரம் வழக்கத்தைவிட அதிகமாக வரும். மருந்து பசியையும் குறைக்கும். அதனால் சத்துணவு வேளையில் தட்டை அப்படியே வைத்துவிடும் குழந்தைக்கு 3 மணிக்கு மேல் பசி எடுக்கும். எரிச்சலும் பசியும் சேர்ந்து வருவதைத்தான் நாம் 'சேட்டை' என்கிறோம்.

நாம் மட்டுமே பார்ப்பது

அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் நடக்கும். மாத்திரை போட்டு வரும் குழந்தை அந்த நேரத்தில் அமைதியாக இருப்பான். அம்மா அவனைப் பார்ப்பதோ பள்ளிக்கு முன்பும் பின்பும்தான். காலை 10 மணியில் இருந்தவனையும் பிற்பகல் 3 மணியில் இருப்பவனையும் ஒரே நாளில் பார்ப்பவர் ஆசிரியர் மட்டுமே. நாம் சொல்லாவிட்டால் மருத்துவருக்குப் பிற்பகல் தெரியாது.

1999இல் அமெரிக்காவில் வெளியான எம்.டி.ஏ. என்ற பெரிய ஆய்வு இதற்குச் சான்று. அதில் 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகள் 14 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். ஆய்வுக் குழுவின் மருத்துவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் தந்த தகவல்களைக் கொண்டு மருந்தின் அளவை முடிவு செய்தார்கள். பிற்பகலுக்கும் சேர்த்து நாளுக்கு மூன்று வேளையாக மருந்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். வெளியே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோரும் மருந்து எடுத்துக்கொண்டவர்களே. ஆனாலும் ஆய்வுக் குழுவினரின் கண்காணிப்பில் மருந்து எடுத்த குழந்தைகளிடமே கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

பத்து நாள் குறிப்பு

அவன் அம்மாவின் சம்மதத்துடன் பத்துப் பள்ளி நாள்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதினேன். நாளுக்கு நான்கு நேரங்கள்: 10 மணி, 12 மணி, 2 மணி, 3.30 மணி. ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தான், எத்தனை கணக்கு முடித்தான், எவ்வளவு சாப்பிட்டான், முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதினேன். 'அடங்கவில்லை', 'அக்கறை இல்லை' போன்ற சொற்களை எழுதவில்லை. அவை நம் கோபத்தைக் காட்டுமே தவிர, குழந்தையைக் காட்டா.

அந்தக் குறிப்பேட்டை அம்மா மருத்துவரிடம் காட்டினார். அவர் மருந்து கொடுக்கும் முறையை மாற்றினார். எப்படி மாற்றினார் என்பதை இங்கே எழுதவில்லை. அது அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. கணக்கு, எழுத்துத் தேர்வு ஆகியவற்றை முற்பகலில் வையுங்கள். பிற்பகலுக்குக் கதை, ஓவியம், செய்துபார்க்கும் அறிவியல் ஏற்றவை.

2. மதியம் ஒரே நேரத்தில் பத்துக் கணக்கு கொடுக்காமல், மூன்று மூன்றாகக் கொடுங்கள். இடையே கரும்பலகை துடைப்பது, நோட்டுகளைப் பரிமாறுவது என எழுந்து நடக்கும் வேலை தாருங்கள்.

3. காலை உணவுத் திட்டத்தில் அவன் நன்றாகச் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். மாத்திரையை உணவுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். 3 மணிக்குச் சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்துவிடச் சொல்லலாம். எடையையும் உயரத்தையும் அவ்வப்போது குறித்துவையுங்கள்.

4. மாத்திரை பற்றிய பேச்சு வகுப்பில் வேண்டாம். பெற்றோரிடம் தனியே பேசுங்கள்.

நம் எல்லை

'இன்னும் அரை மாத்திரை கொடுங்கள்' என்றோ, 'நிறுத்திவிடுங்கள்' என்றோ சொல்வது நம் வேலையன்று. மாலையில் கொடுக்கும் கூடுதல் மருந்து சில குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். மெத்தில்பெனிடேட் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்தும்கூட. பள்ளியில் ஒரு வேளை கொடுக்க வேண்டும் என்றால், மருத்துவரின் சீட்டும் பெற்றோரின் கடிதமும் பெற்று, தலைமையாசிரியரிடம் பூட்டி வைத்துக் கொடுப்பதே முறை. மாணவனின் பையில் இருக்கக் கூடாது.

இன்னும் கண்டறியப்படாத குழந்தையாக இருந்தால் நாமே பெயர் சூட்ட வேண்டாம். 2013 முதல் செயல்படும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது குறிப்புகளுடன் காட்டலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் கலந்து பேசலாம்.

என் மாணவனின் பிற்பகல்கள் முழுவதும் அமைதியாகிவிடவில்லை. 3 மணிக்கு மேல் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சட்டைப் பையில் மாத்திரை ஒளிக்கும் பழக்கம் நின்றது. அவனிடம் தனியே மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல டீச்சர். இனிமே எல்லாரு முன்னாடியும் கேக்காதீங்க" என்றான். பத்து நாள் குறிப்பேட்டைவிட எனக்குப் பெரிய பாடம் அதுதான்.