டெங்கி ஒருமுறை வந்தால் மீண்டும் வராதா?

மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

“எனக்கு முன்பே டெங்கி வந்துவிட்டது. இனிமேல் வராது” என்று பலர் நினைக்கிறார்கள். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது அரிது. டெங்கியும் அப்படித்தான் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை டெங்கி வரலாம். இரண்டாம் முறை வருவது முதல் முறையைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

நான்கு வகைக் கிருமிகள்

டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தொற்றிக் குணமடைந்தவருக்கு அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான பாதுகாப்பு சிறிது காலத்தில் குறைந்துவிடும்.

சிங்கப்பூரில் நான்கு வகைகளும் காணப்படுகின்றன. அதிகமாகப் பரவும் வகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. 2013ல் முதலாம் வகை அதிகம் பரவியது. 2022ல் மூன்றாம் வகை பரவி, 32,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர்.

டெங்கி தொற்றிய பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மறந்தவர்களும் உண்டு. கொசு ஒழிப்புச் சட்டம் 1968ல் வருவதற்கு முன்பு கம்பத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே தொற்று ஏற்பட்டிருக்கலாம். ஆகவே, உங்களுக்குத் தெரிந்து வரும் முதல் டெங்கி, உண்மையில் இரண்டாவதாக இருக்கக்கூடும்.

இரண்டாம் முறை ஏன் கடுமையாகலாம்?

முதல் தொற்றின்போது, அந்த வகைக் கிருமியை அழிக்க உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவற்றை ஒரு பூட்டுக்குச் செய்த சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு வகைக் கிருமி நுழையும்போது, பழைய சாவி புதிய பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது. அதாவது, பழைய எதிர்ப்பொருள்கள் புதிய கிருமியுடன் ஒட்டிக்கொள்ளும். அதை அழிக்க முடியாது.

எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் விழுங்குகின்றன. அழியாத கிருமி அந்த அணுக்களுக்குள்ளேயே பெருகுகிறது. இதனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியலாம்; ரத்த அழுத்தம் இறங்கலாம்; ரத்தக்கசிவும் ஏற்படலாம்.

கியூபாவில் 1977ல் முதலாம் வகை பரவியது. 1981ல் இரண்டாம் வகை பரவியபோது 3,44,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 158 பேர் உயிரிழந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், முன்பே முதலாம் வகை தொற்றியவர்கள்.

இரண்டாம் தொற்று வரும் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலோர் குணமடைகின்றனர். எனினும் முதியவர்களுக்கும் நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

சிக்குன்குனியா வந்தவருக்கு டெங்கி வராதா?

வரலாம். சிங்கப்பூருக்குள் சிக்குன்குனியா பரவியது முதன்முதலாக 2008 ஜனவரியில், லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் பகுதியில் கண்டறியப்பட்டது. அதையும் ஏடிஸ் கொசுதான் பரப்புகிறது. ஆனால் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த கிருமி. ஒன்று வந்தது மற்றொன்றிலிருந்து பாதுகாக்காது.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

• குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ விரைவில் செல்லுங்கள். முன்பு டெங்கி வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அண்மையில் வெளிநாடு சென்று வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

• முதியவர்களுக்குக் கடும் காய்ச்சல் இல்லாமலும் டெங்கி வரலாம். சோர்வு, தலைசுற்றல், பசியின்மை ஆகியவற்றை “வயசுக் கோளாறு” என்று விட்டுவிடாதீர்கள்.

• காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகச் சாப்பிட வேண்டாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேளுங்கள்.

• காய்ச்சல் நாள்களில் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். உங்களைக் கடிக்கும் கொசு, வீட்டில் உள்ள மற்றவருக்கும் கிருமியைப் பரப்பும். அது அவருக்கு இரண்டாம் தொற்றாக இருக்கலாம்.

காய்ச்சல் இறங்கும்போது கூடுதல் கவனம்

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு தணியும். “குணமாகிவிட்டது” என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் நோய் கடுமையாகலாம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவர் உங்களைக் கவனித்துக்கொள்வது நல்லது. பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால் 995ஐ அழையுங்கள்:

• கடுமையான வயிற்றுவலி
• ஓயாத வாந்தி
• ஈறு, மூக்கில் ரத்தக்கசிவு. கறுப்பு நிற மலம்
• கைகால் சில்லிடுதல், மயக்கம், மிகுந்த சோர்வு

வீட்டில் நீர் தேங்க விடாதீர்கள்

ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பூச்சாடி, பூந்தொட்டித் தட்டு, பூஜை அறைச் செம்பு, மலர் மிதக்கும் உருளி ஆகியவற்றின் நீரை அடிக்கடி மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். துணி உலர்த்தும் கழிகளைச் செருகும் குழாய்களைப் பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள். ஊருக்குச் செல்லும் முன் வாளிகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

முன்பு டெங்கி வந்தவர்களும் இவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும்.