வீட்டுக் கூரையின் வடிவமும் கிணற்று ஜலமும்

சென்னையின் தென்பாகத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் கொல்லையில் தென்னையும் முருங்கையும் வாழையும் வைத்திருப்போர்க்குக் கிணறே ஆதாரம். அக்கிணறு கோடையில் வற்றுவதும், கடலையடுத்த தெருக்களில் உப்புக்கரிப்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும், அவ்வீட்டின் கூரைமேல் வருஷந்தோறும் விழும் மழை எங்கே போகின்றதென்று பார்ப்போர் சிலரே. அது போகும் வழியை நிர்ணயிப்பது கூரையின் வடிவமாகும்.

கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளை ஒட்டி எஞ்சியுள்ள பழைய ஓட்டு வீடுகளில், திண்ணையின் மேல் தெருவை நோக்கி ஒரு சரிவும், உள்ளே முற்றத்தை நோக்கி நாற்புறமும் சரிவும் இருக்கக் காணலாம். இரு சரிவுகள் உள்வாங்கிக் கூடும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். உட்கூரையின் மழையில் பெரும்பங்கு கூடல்வாய்களில் திரண்டு அருவிபோல் இறங்குமாதலால், மூலைக்கொரு அண்டா வைத்தே அக்காலத்தார் ஜலம் பிடித்தனர். பீலிச் செலவில்லாமல் மழையைச் சேர்க்கும் கூரை இதற்கு நிகராக வேறில்லை. கூடல்வாய்த் தகடு துருப்பிடித்தால் சுவர் ஊறிப்போகும் என்பதொன்றே இதன் குறை.

மங்களூரில் 1865ஆம் ஆண்டு பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், சீமை ஓடு வேய்ந்த இருபுறச் சரிவும் நாற்புறச் சரிவும் பெருகின. இருபுறச் சரிவுக்கு இரண்டு இறவாரங்களில் பீலி கட்டினால் போதும். நாற்புறச் சரிவு காற்றுக்கு நன்றாக நிற்கும். நான்கு சுவர்களுக்கும் நிழல் தரும். ஆனால் வீட்டைச் சுற்றிலும் பீலி வேண்டும். கொட்டகைக்குப் போடும் ஒற்றைச் சார்ப்புக்கு ஒரே பீலி. வேப்பமரத்தடியில் எந்த ஓட்டுக் கூரையாயினும் பீலி சருகால் அடைபடும்.

மட்டத்தளத்தில் பழையது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்திற் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்கித் தட்டோடு பதிப்பர். இப்போது கட்டுவன பெரும்பாலும் கான்கிரீட் தளங்களே. மட்டம் என்று பெயரிருந்தாலும் 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் இருத்தல் அவசியம். வாட்டம் தப்பினால் ஜலம் தேங்கித் தளம் கசியும், கிணற்றுக்கும் வராது.

சரிந்த கூரையின் பரப்பு அதிகமாதலால் அதிக மழை சேருமென்று எண்ணுவது தவறு. இறவாரத்தையும் சேர்த்து, கூரை தரையில் மூடும் அளவே கணக்கு. சென்னையில் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மூடும் கூரையில் இது 1,30,000 லிட்டராகும். ஐந்திலொரு பங்கு கழிந்தாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும்.

இந்த ஜலம் கிணற்றிற் சேர்ந்தால், உப்பு ஜலத்தைவிடக் கனம் குறைந்ததாகையால், அதன் மேலே நின்று கடல் உப்பு ஏறாதபடி தடுக்கும். அடையாறு, பெசன்ட் நகர் மணற்பாங்கில் ஆழமில்லாத குழியே ஜலத்தை உறிஞ்சிவிடும். தியாகராய நகரோ 1920களில் மாம்பலம் ஏரிப் படுகையில் அமைந்த ஊர், களிமண் மிகுதி. அங்கே களியைத் துளைத்து மணல் காணும் வரை குழி இறங்கவேண்டும். மேலாகத் தோண்டிய குழி கொசு வளர்க்கவே உதவும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் குழாய் வைத்ததோடு நின்ற வீடுகள் பல. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் தெருவெல்லாம் வெள்ளம் புரண்ட இந்நகரத்திலேயே, 2019ஆம் ஆண்டு கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டன.

புரட்டாசி முடிவதற்குள் தளத்தையும் பீலியையும் பெருக்கிக் குழாய் வாய்க்குக் கம்பிவலை போடவேண்டும். முதல் மழையின் அழுக்கு ஜலத்தைத் தெருவுக்கு விட்டு, அடுத்த மழை முதல் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்புக. தளத்தின் கோடி மூலையில் ஒரு குடம் ஜலம் ஊற்றிப் பார்த்தால், வாட்டம் சரியா என்பது மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.