டிக்கெட் இருந்தும் விமானத்தில் இடம் மறுக்கப்பட்டால்

தருமபுரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் இல்லாமையால், வெளியூர் செல்வோர் பலர் ஓசூரைக் கடந்து, பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி வரை செல்ல நேர்கிறது. அத்தனை தொலைவு சென்றபின் இருக்கை இல்லை என்று கேட்பது பெருந்துயரம். சிலர் வரமாட்டார்கள் என்ற கணிப்பில், இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் டிக்கெட் விற்கும் முறை ஓவர்புக்கிங் எனப்படுகிறது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2016இல் திருத்திய விதிப்படி, இடத்தை விட்டுத்தர விரும்புவோரை நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். எவரும் முன்வராமல், உறுதியான டிக்கெட்டுடன் உரிய நேரத்தில் வந்தவரை மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தந்தாலன்றி இழப்பீடு வழங்கியே ஆக வேண்டும். மாற்று விமானம் 24 மணி நேரத்துக்குள் எனில், ஒருவழி அடிப்படைக் கட்டணத்தின் இருமடங்கும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 10,000 ரூபாய் வரையிலும், அதற்குப் பிந்தியது எனில் நான்கு மடங்காக 20,000 ரூபாய் வரையிலும் கிடைக்கும். மாற்றுப் பயணத்தை மறுப்பவருக்கு டிக்கெட் தொகையும் நான்கு மடங்கு இழப்பீடும் உரியவை.

பெங்களூரு உள்ளிட்ட நிலையங்களில் நடந்த சோதனைகளுக்குப் பின், இவ்விழப்பீட்டைத் தராத ஏர் இந்தியாவுக்கு 2022 ஜூனில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற்று, டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி, முதலில் நிறுவனத்திடமும், பயனில்லையெனில் அரசின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம்.