நாவின் இனிமையும் நோன்பின் அளவும்

கோடை விடுமுறையில் ஜினாலயத்தில் நடைபெற்ற அறநெறி வகுப்பொன்றில் சிராவகர்க்குரிய விரதங்களைப் பற்றி உரைத்துக்கொண்டிருந்தோம். போகோபபோக பரிமாணம் என்னும் அளவு நோன்பை விளக்கும்போது, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, எனக்கு அதிரசம் மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பதே குற்றமா?" என்று கேட்டாள். வகுப்பிலிருந்த பிள்ளைகள் சிரித்தனர். நம்மால் சிரிக்க இயலவில்லை. அவள் வயதில் நாமும் அதே கேள்வியை நெஞ்சில் வைத்திருந்தோம். கேட்கும் துணிவுதான் இல்லை. இனிப்பின்பால் நமக்குள்ள விருப்பம் இன்றும் குறைந்தபாடில்லை. ஆகவே இக்கட்டுரையை அச்சிறுமிக்கு மட்டுமன்றி நமக்கும் உரிய பாடமாகவே எழுதுகின்றோம்.

ஆதிபகவன் ஏற்ற முதல் உணவு

இக்கேள்விக்கு விடை தேடுமுன் ஒரு வரலாற்றை நினைவுகொள்ளல் தகும். முதல் தீர்த்தங்கரராகிய விருஷப தேவர் துறவு பூண்டபின் ஆறு திங்கள் உண்ணாநோன்பு இருந்தார். அதன்பின் உணவின்பொருட்டு ஊர்களுக்குள் எழுந்தருளியபோது, துறவிக்கு உணவளிக்கும் முறையை மக்கள் அறிந்திருக்கவில்லை. யானையையும் குதிரையையும் மணிகளையும் கொணர்ந்து முன்வைத்தனர். பகவான் ஒன்றும் பேசாது அகன்றார். இவ்வாறு மேலும் பல திங்கள் கழிந்தன. இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்பான் தன் முற்பிறப்பை நினைவுகூர்ந்து, தானம் அளிக்கும் முறையை உணர்ந்து, கரும்பின் சாற்றை அளித்தான். பகவான் தம் கைகளையே கலமாகக் கொண்டு அதனை ஏற்றார். அந்நாளே அட்சய திருதியை எனப் போற்றப்படுகிறது.

இவ்வுலகில் துறவி ஒருவர் ஏற்ற முதல் உணவு இனிப்பு என்பது நாம் கருதத்தக்கது. கரும்பின் சாறு இனியது என்பதற்காக அவர் அதனை ஏற்கவில்லை. இனியது என்பதற்காக மறுக்கவும் இல்லை. குற்றமற்ற முறையில் ஆக்கப்பட்டு, அன்போடு அளிக்கப்பட்டதால் ஏற்றார். எனவே இனிமை என்னும் சுவையில் குற்றம் இல்லை என்பது தெளிவு. அவ்வாறாயின் குற்றம் எங்கே உள்ளது?

சமந்தபத்திரர் காட்டும் ஐந்து

ரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் நூலை அருளிய சமந்தபத்திர ஆசாரியர் இதற்கு விடை தருகின்றார். அருங்கலச்செப்பு என்னும் நம் தமிழ்நூலும் அவர் நெறியையே பின்பற்றியது. ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துவிடும் உணவு போன்றவை போகம். ஆடை, அணி போலத் திரும்பத் திரும்ப நுகரத்தக்கவை உபபோகம். இவ்விரண்டிற்கும் எல்லை வகுத்துக்கொள்வதே அந்நோன்பு. வாழ்நாள் முழுதும் விடுவது யமம். ஒரு நாள், ஒரு திங்கள், ஒரு பருவம் எனக் காலம் குறித்து விடுவது நியமம். இரண்டும் இல்லறத்தார்க்கு உரியனவே.

இந்நோன்பைக் கெடுக்கும் குற்றங்களாக அவர் ஐந்தினைக் கூறுகின்றார். புலன்நுகர்ச்சியின் தீமையை அறிந்தும் அதனைப் புறக்கணியாது நாட்டம் கொள்ளல் ஒன்று; முன்பு நுகர்ந்ததை மீண்டும் மீண்டும் நினைத்தல் இரண்டு; நுகரும்போது மிகுந்த வேட்கை கொள்ளல் மூன்று; இனி வர இருப்பதன்மீது பேராசை கொள்ளல் நான்கு; நுகர்ச்சியிலேயே அளவு மீறி மூழ்குதல் ஐந்து.

வாசகர்கள் இவ்வைந்தையும் சற்றே உற்று நோக்க வேண்டும். இவற்றுள் எதிலும் உணவின் பெயர் இல்லை. அனைத்தும் மனத்தின் செயல்கள். இலையில் இருக்கும் ஓர் அதிரசம் நம்மைக் கட்டுவதில்லை. சென்ற ஆண்டின் அதிரசத்தை எண்ணி இன்று பெருமூச்சு விடுவதும், இலையில் ஒன்று இருக்கையிலேயே தட்டிலுள்ள அடுத்ததைக் கண்ணால் அளப்பதுமே கட்டுகின்றன. நாம் எத்தனையோ விருந்துகளில் அவ்வாறு கண்ணால் அளந்திருக்கின்றோம். அப்போதெல்லாம் வாயிலிருந்த பண்டத்தின் சுவையை நாம் முழுதாக உணர்ந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வாசிரியரே பசியின் கொடுமையை நன்கறிந்தவர். எவ்வளவு உண்டாலும் அடங்காத பஸ்மகம் என்னும் பெரும்பசி நோய் அவரைப் பற்றியதென்றும், ஆசானின் ஆணைப்படித் துறவுக் கோலத்தை நீக்கி, நிறைய உணவு உண்டு நோய் தீர்த்துக்கொண்டு, மீண்டும் துறவு பூண்டார் என்றும் மரபு வரலாறு கூறுகிறது. நோய்க்காக உண்ட உணவை அவர் ஆசான் குற்றமாகக் கொள்ளவில்லை. உடலின் தேவை வேறு, உள்ளத்தின் வேட்கை வேறு என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

அடுப்படியில் அகிம்சை

இனி உண்பவர் மனத்தை விடுத்து, ஆக்குவோர் கையை நோக்குவோம். இல்லத்தில் செய்யும் பண்டத்திற்கு நம் முன்னோர் முதன்மை அளித்தது சிக்கனம் கருதி மட்டும் அன்று. எவ்வுயிருக்கும் ஊறு நேராமல் செய்யப்பட்டதா என்பதை நம் கண்ணால் கண்டறிய அதுவே வழி.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியைப் புழு, வண்டு இல்லாதவாறு பொறுக்கி, வடிகட்டிய நீரில் ஊறவைக்க வேண்டும். நீரை இரட்டையாக மடித்த கெட்டித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல விடுதல் நம் வழக்கம். ஊறிய அரிசியை வடித்து, நிழலில் துணிமீது பரப்பி, ஈரம் முற்றும் உலருமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினால் எறும்பும் மண்ணும் நீங்கும். பாகைக் காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் திரட்ட மென்மையாகத் திரள வேண்டும். அப்பதத்தில் இறக்கி, ஏலமும் சுக்கும் சேர்த்து, மாவைத் தூவிக் கிளற வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. கிளறிய மாவை ஓரிரு நாள் வைத்திருந்து சுட்டால்தான் அதிரசம் மிருதுவாக வரும் என்பர்; அது உண்மையே. ஆனால் ஈரமுள்ள மாவில் காலம் செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் தோன்றும் என்பது நம் நெறி. உலர்ந்த மாவிற்கே மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என எல்லை கூறப்பட்டுள்ளது. ஆகவே எங்கள் இல்லத்தில் விடியலில் இடித்து, முற்பகலில் பாகு கிளறி, கதிரவன் மறையுமுன் சுட்டெடுத்து விடுவர். எங்கள் வீட்டு அதிரசம் அண்டை வீட்டார் செய்வதைவிடச் சற்று அழுத்தமாகவே இருக்கும். அந்த அழுத்தமே எங்கள் நாவிற்குப் பழகிய சுவையாயிற்று. பிற இடங்களில் மிக மிருதுவான அதிரசத்தை உண்ணும்போது, நன்றாக இருக்கின்றதே ஒழிய நம் வீட்டுச் சுவை இல்லையே என்று இன்றும் தோன்றுகின்றது.

நெய்யில் வறுத்த பாசிப்பருப்பு மாவு உருண்டை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, சுழியன், பாயசம், சுரைக்காய் அல்வா என நமக்கு விலக்கில்லாத இனிப்புகள் பல உள்ளன. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் காரட் அல்வாவும் கிழங்கு வகையைச் சேர்ந்தவை. ஒரே உடலில் எண்ணிறந்த உயிர்களைத் தாங்குவன என்பதால் விலக்கப்பட்டன. பாலைக் கறந்த இரண்டு நாழிகைக்குள், அதாவது 48 நிமிடத்திற்குள், வடிகட்டிக் காய்ச்சிவிட வேண்டும் என்பர்.

பக்குவத்தையும் நம் நூல்கள் புறக்கணிக்கவில்லை. உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், இந்நோன்பிற்குரிய குற்றங்களை வேறு வகையில் ஐந்தாகக் கூறுமிடத்து, சரிவர வேகாத உணவை உண்பதையும் ஒன்றாக எண்ணுகிறது. எனவே நன்கு சமைக்கக் கற்றலும் அறத்தின்பாற்பட்டதே என்று இல்லத்தரசியரும், அடுப்படிப் பக்கம் எட்டிப் பாராத ஆடவரும் அறிவாராக.

பெயரும் உருவமும்

தேன் நமக்கு விலக்கு என்பதைச் சிறுவரும் அறிவர். எங்கள் தம்பி சிறுவனாயிருந்தபோது தேன்குழலை உண்ண மறுத்து அழுதது நினைவிற்கு வருகின்றது. அரிசி மாவும் உளுத்த மாவும் சேர்ந்த அப்பண்டத்தில் தேன் ஒரு துளியும் இல்லை. பெயரில் மட்டுமே உண்டு. அவன் அறியாமல் மறுத்தான் எனினும், மறுக்கத் துணிந்தானே என்று பாட்டியார் மகிழ்ந்தார்.

இன்றோ நிலைமை தலைகீழாக உள்ளது. பெயரில் தேன் இல்லாத பண்டத்தில் தேன் இருக்கக்கூடும். கடைப் பொட்டலத்தின் பச்சைக் குறியைக் கண்டதும் ஐயமின்றி வாங்கிவிடுகின்றோம். அரசு விதிப்படி பாலும் தேனும் அசைவப் பட்டியலில் சேரா, கிழங்குகளும் அவ்வாறே. ஆகவே பச்சைக் குறி நம் நெறிக்கு முழுச் சான்று ஆகாது. சேர்பொருள் பட்டியலைப் படித்தல் இன்றியமையாதது.

திருவிழாக்களில் ஜவ்வு மிட்டாயை மயிலாகவும் தேளாகவும் செய்து தருவதுண்டு. சர்க்கரைதானே என்று பெற்றோர் வாங்கித் தருவர். யசோதர காவியத்தை அறிந்தோர் அவ்வாறு செய்யார். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதர மன்னனும் அவன் தாய் சந்திரமதியும் பல பிறவிகள் விலங்காய்ப் பிறந்து துன்புற்றனர் என்பதே அக்காவியத்தின் கதை. உயிரில்லாத மாவாயினும், கொல்லும் எண்ணம் உயிருள்ளதாயிற்று. மயிலின் தலையைக் கடித்து மகிழும் குழந்தைக்கு அக்கதையை ஒருமுறை சொல்லுங்கள். அடுத்த முறை அது உருண்டையையே கேட்கும்.

தீபாவளி விடியல்

மகாவீர பகவான் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த நாளாகத் தீபாவளியைக் கொண்டாடுகின்றோம். வட இந்தியத் திகம்பரர் அன்று விடியலில் ஜினாலயத்தில் லட்டு படைத்து வழிபடுவர். அர்ச்சனையில் நைவேத்தியம் படைப்பது பகவான் உண்பார் என்பதற்காக அன்று. பசி என்னும் நம் நோய் ஒழிய வேண்டும் என்பதற்காகவே.

எம் இளமையில் அந்நாளின் பெருஞ்சோதனை பண்டங்களின் மணமே. எண்ணெய்க் குளியல் முடிந்து, புத்தாடை அணிந்து, தட்டில் அதிரசத்தை வைத்துக்கொண்டு கதிரவன் உதிக்கும்வரை காத்திருப்போம். தெருவில் பிற வீட்டுப் பிள்ளைகள் இருளிலேயே உண்டுகொண்டிருப்பர். கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை ஆகட்டும் என்பார் எம் அன்னையார். அவ்வாறு காத்திருந்து உண்ட முதல் விள்ளலின் சுவையை வேறெந்த நாளிலும் நாம் பெற்றதில்லை.

அவ்வன்னையார் பிற்காலத்தில் இனிப்பை வாழ்நாள் முழுதும் விடுவதாக விரதம் ஏற்றார். புறத்தவம் ஆறனுள் சுவை துறத்தலும் ஒன்று. சர்க்கரை நோய் வந்தபின் ஏற்றதால் அது தவமா, மருந்தா என்று நாங்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. மருத்துவர் குறைக்கச் சொன்னார், நான் விட்டேன் என்பதே அவர் விடை. ஆயினும் ஆண்டுதோறும் அதிரசம் சுடுவதை அவர் நிறுத்தவில்லை. பாகை நாவில் வைத்துப் பாராமல் விரலாலேயே பதம் கண்டார். முதல் ஈட்டை எங்களுக்கு அளித்துவிட்டு, வாசற்படியில் அமர்ந்து எங்கள் முகங்களையே நோக்குவார். "சரியாக இருக்கிறதா?" என்பார். பதினோர் ஆண்டுகள் அவ்வாறே கேட்டார்.

நமக்குத் தெரிந்த உணவுப் பிரியருள் தலைசிறந்தவர் அவரே. பண்டத்தை அவர் விட்டார். பண்டம் தரும் மகிழ்ச்சியை விடவில்லை. அது தம் நாவிலிருந்து பிறர் முகத்திற்கு இடம் மாறிற்று, அவ்வளவே. உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் உணவு முதலில் நிற்பதன் பொருளை நாம் அவரிடமே கற்றோம்.

இல்லத்தில் கடைப்பிடிக்க

1. திங்களுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு இனிப்பு ஒன்றை வீட்டில் செய்க. பொறுக்குதல், சலித்தல், வடிகட்டுதல் ஆகியவற்றை அவர்கள் கையாலேயே செய்விக்க.

2. செய்வதும் உண்பதும் பகற்பொழுதிலேயே நிகழ்க.

3. உண்ணுமுன் எண்ணிக்கையை உறுதி செய்துகொள்க. இலையின் முன் அமர்ந்தபின் முடிவு செய்தால் நாவே வெல்லும்.

4. முதற்பங்கை இல்லத்திலுள்ள முதியோர்க்கும் வந்த விருந்தினர்க்கும் அளிக்க.

5. வாரத்தில் ஒரு நாள் இனிப்பை விடுக. அன்று அதனைப் பற்றிய பேச்சையும் விடுக.

அச்சிறுமிக்கு நாம் கூறிய விடை இதுவே: "பிடிப்பது குற்றம் அன்று, அம்மா. ஒன்றை உண்ணும்போது அந்த ஒன்றையே உண்." அவள் சற்றே எண்ணிப் பார்த்து, "அப்படியானால் இரண்டாவதை உண்ணும்போது இரண்டாவதையே உண்ணலாமா, ஐயா?" என்றாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. எத்தனை என்று வீட்டிலிருந்தே எண்ணிக்கொண்டு வா என்று மட்டும் கூறினோம். நாமும் இவ்வாண்டுத் தீபாவளிக்கு இரண்டு என்று எண்ணி வைத்திருக்கின்றோம். வாசகர்களும் தத்தம் எண்ணிக்கையை இன்றே குறித்துக்கொள்வார்களாக.

அறம் வளர்க!