மாமியாருக்கு மணக்கிறது, எனக்கு இல்லை!

கேள்வி: பால்கனித் தொட்டியில் ஒட்டுச் செண்பகம் வைத்திருக்கிறோம். இங்கே சோன்சாஃபா என்பார்கள். வீடே மணக்கிறது என்கிறார் மாமியார். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. மூக்கில் கோளாறா?
– ஒரு வாசகி, மகர்பட்டா, புனே

பதில்: தாளிக்கும்போது பெருங்காயம் மணக்கிறதல்லவா? அப்படியானால் கவலை வேண்டாம். செண்பக மணத்தில் பீட்டா-அயனோன் என்ற பொருளும் உண்டு. அதை முகரும் திறன் பெரும்பாலும் ஓஆர்5ஏ1 என்ற ஒரே மரபணுவைப் பொறுத்தது என்று 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சிலருக்கு அது பூவாசம். சிலருக்குப் புளித்த காடி நெடி, அல்லது ஒன்றுமே இல்லை! இதில் மாமியார் பக்கம்தான் நியாயம். பக்கத்தில் ஒரு மல்லிகைச் செடியும் வையுங்கள். அதன் மணப்பொருட்கள் வேறு. எல்லா வாசனையும் திடீரென்று மறைந்தால் மட்டும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.